ஒரு பக்கம் மட்டும் வலித்தால்

பாலைவன நகரமான ஸ்காட்ஸ்டேலில் மர்டெல் புரூயிட்டைத் தெரியாதவர்கள் மாதிரிக் கடந்து போகிறவர்கள் ஏராளம். அவர்களுடைய முகங்களையெல்லாம் தேற்றி அனுப்பியவளே அவள்தான். முகத்தைத் தூக்கித் தைத்துக்கொண்டவர்கள் வீக்கம் வடியும்வரை ஒளிந்திருக்கும் விடுதியில் இருபத்தாறு வருடமாக அவள் நர்ஸ். வெளியில் பார்த்தால் அவர்களுக்கு முகமன் சொல்லக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது, பெருமைதான்.

தோலை இழுத்துக் கட்டுவதுதானே என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். காதோரம் அறுத்து, உள்ளே இருக்கும் தசைப்படலத்தைத் தூக்கித் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டி, வடிகுழாய் வைத்துக் கட்டுப்போட நாலு மணி நேரம் ஆகும். அதற்கப்புறம் அந்த முகம் டாக்டருடையதல்ல, தன்னுடையது என்பது மர்டெலின் கட்சி.

போன மார்ச்சில் கோரின் ஹாஸ்கெல் வந்தாள். அறுபத்திரண்டு வயது, வீடு விற்றுக் கொடுக்கும் தரகர். பேருந்து நிறுத்த பெஞ்சுகளில் சிரிக்கும் அவளுடைய விளம்பரப் படம் பதினைந்து வருடப் பழசு. வீடு பார்க்க வந்தவர்கள், "கோரின் வரலையா?" என்று அவளிடமே கேட்டார்கள். அதை அவளால் தாங்க முடியவில்லை.

காலையில் விடுதியை ஒட்டிய ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சை முடிந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு முனகினாள்.

"வலது பக்கம் பிச்சுக்கிட்டுப் போகுது, மர்டெல்."

"இடது பக்கம்?"

"ஒண்ணுமில்ல."

மர்டெல் விளக்கை அவள் முகத்துக்கு நேரே இழுத்தாள். கட்டைத் தளர்த்தினாள். கன்னம் கல்லாக இறுகிக் கருநீலமாக உப்பியிருந்தது. உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் மேல்தோல் செத்துவிடும்.

"என்னென்ன மாத்திரை சாப்பிட்டே? மறைக்காம சொல்லு."

"எதுவும் இல்லன்னுதான் எழுதிக் குடுத்தேனே. மீனெண்ணெய், பூண்டு, வைட்டமின் ஈ. அதெல்லாம் மருந்தா என்ன?"

இந்த ஊர்க்காரர்களின் தீராத வியாதி அது. ரத்தத்தை உறையவிடாத சாமான்களைக் கைநிறைய விழுங்கிவிட்டு, மருந்தையே தொடமாட்டேன் என்று மார்தட்டுவார்கள்.

டாக்டர் கோல்ஃப் மைதானத்தில் இருந்தார். "வலி இருக்கத்தான் செய்யும். ஒரு மாத்திரை குடுங்க" என்றார் போனில்.

"ரெண்டு பக்கமும் வலிச்சா குடுப்பேன் டாக்டர். இது ஒரு பக்கம். ஆபரேஷன் அறையத் தயார் பண்ணச் சொல்லிட்டேன். பந்து குழியில விழுந்தா என்ன, விழாட்டி என்ன? கிளம்பி வாங்க."

இருபது நிமிடத்தில் வந்தார். தையலைப் பிரித்து, கட்டிய ரத்தத்தை எடுத்து, கசிவை அடைத்தார். கன்னம் பிழைத்தது. "நல்லவேளை, கூப்பிட்டீங்க" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வந்ததில்லை.

ஜூன் மாதம் காய்கறிச் சந்தையில் கோரின் ஒரு தோழியோடு எதிரே வந்தாள். மர்டெல் வழக்கம்போலத் தக்காளிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோழி மர்டெலின் முகச் சுருக்கங்களைப் பார்த்துவிட்டு, "பாவம், வெயில் தின்னுடுச்சு. உன்ன மாதிரி நல்லாத் தண்ணி குடிச்சிருக்கலாம்" என்று கோரினிடம் கிசுகிசுத்தாள். அது மர்டெலின் காதிலும் விழுந்தது.

கோரின் நின்றுவிட்டாள். "தண்ணியும் இல்ல, மண்ணும் இல்ல. மார்ச்சுல மூஞ்சியத் தூக்கித் தச்சுக்கிட்டேன். இவங்க இல்லேன்னா இந்தக் கன்னம் எனக்கு இல்ல."

மர்டெலுக்குக் கண் கலங்கிவிட்டது. தக்காளியைக் கீழே வைத்துவிட்டு, கோரினின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். வலது பக்கம், இடது பக்கம், மறுபடியும் வலது பக்கம் என்று நிதானமாகப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு" என்றாள்.