அண்ணர் கடைந்த இரும்புச் சில்லு

எங்கள் அண்ணர் உரும்பிராயில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தின் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர். அவருக்குப் பதினான்கு வயதானபோது தந்தையார் காலமானார். அத்தோடு படிப்பை விட்டு, யாழ்ப்பாணப் பட்டினத்தில் பஸ் வண்டிகள் திருத்தும் பட்டறையொன்றில் சேர்ந்து, அம்மாவையும் தங்கைமார் மூவரையும் காப்பாற்றினார். அவருடைய பொறுமையையும் நேர்மையையும் உறவினர் யாவரும் அறிவீர்கள். அவருடைய துணிச்சலை அருகில் நின்று கண்டவள் நான். அதையே இங்கு எழுதுகிறேன்.

கோப்பாயில் கோர்ட்டில் வழக்குப் பேசும் ஓர் இளம் அப்புக்காத்து, இருவர் மட்டும் இருக்கக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தார். ஒருநாள் அதன் எஞ்சின் இரைந்ததே தவிர, கார் நகரவில்லை. அண்ணர் கழற்றிப் பார்த்தார். தேய்ந்த கிளச் தட்டின் ஆணிகள், எஞ்சினின் பின்னால் சுழலும் பிளைவீல் என்ற கனத்த இரும்புச் சில்லை உழுததுபோல் வளையம் வளையமாகக் கீறியிருந்தன. புதுச் சில்லு சீமையிலிருந்து வர மாதக்கணக்காகும். பட்டறையின் கடைசல் இயந்திரத்திலோ அது கொள்ளாது. காரை ரயிலில் கொழும்புக்கு அனுப்ப அப்புக்காத்து ஆயத்தமானார்.

"திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்கோ ஐயா. சில்லைக் கழட்டாமலே கடைஞ்சு மட்டமாக்கித் தாறன்" என்றார் அண்ணர்.

"கழட்டாமலோ? உம்மடை முதலாளிக்கு உது தெரியுமோ?"

"ஓம், சொன்னனான். பிழைச்சால் வேலைக்கு வரவேண்டாம் எண்டவர்."

அப்புக்காத்து சற்று யோசித்தார். "சரி, செய்யும். நானும் பக்கத்திலை நிப்பன்."

சனிக்கிழமை காரை எங்கள் வீட்டு வளவுக்குத் தள்ளிவந்தார்கள். கியர்ப்பெட்டியை மீண்டும் இறக்கியதும் சில்லின் முகம் வெளியே தெரிந்தது. கியர்ப்பெட்டி பூட்டும் துளைகளிலேயே ஓர் இரும்புச் சட்டத்தைப் பூட்டி, திருகத் திருக மயிரளவாய் நகரும் உளியொன்றை அதில் பொருத்தினார் அண்ணர். பிளக்குகளைக் கழற்றிவிட்டால், முன்னாலுள்ள கைபிடியால் எஞ்சினை இலகுவாகச் சுற்றலாம். எஞ்சினே கடைசல் இயந்திரமாகிவிடும்.

ஆனால் அரைமணி நேரம் ஒரே சீராகச் சுற்றவேண்டும். இடையில் நின்றால் அந்த இடத்தில் வடு விழும். மச்சான்மார் இருவர் பலமாகத்தான் சுற்றினார்கள். உளி துள்ளி, புதிய கீறலொன்றை விட்டது. அண்ணர் உளியைத் தீட்டத் தொடங்கினார். இன்னொருமுறை பிழைத்தால் சில்லு மெலிந்து உதவாமற் போய்விடும்.

மறுநாட் காலை என்னை அழைத்தார். "பிள்ளை, நீ வா. தையல் மெசின் சுத்துற மாதிரிச் சுத்து. பலம் வேண்டாம்."

நான் சுற்றினேன். உளி சீறத் தொடங்கியது; கறுப்பு இரும்புத் தூள் மணலாய்க் கொட்டியது. பாதி வழியில் என் தோள் மரத்துவிட்டது.

"அண்ணை, இனி ஏலாது."

அப்புக்காத்து கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தார். கைபிடியைப் பற்றி, என்னோடு சேர்ந்து நாலைந்து சுற்றுச் சுற்றினார்.

"இப்ப கையை எடும் தங்கச்சி."

எடுத்தேன். உளியின் சத்தம் மாறவேயில்லை. அண்ணர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைக் கண்டேன்.

முடிந்ததும் நேரான இரும்புச் சட்டமொன்றைச் சில்லின் முகத்தில் வைத்துப் பின்னால் விளக்கைப் பிடித்தார். இடையில் துளி வெளிச்சமும் வரவில்லை. அப்புக்காத்து அண்ணரைக் கிரீஸ் கையோடு கட்டிப்பிடித்தார். திங்கள் பின்னேரம், கடையில் வாங்கிய புதுக் கிளச் தட்டும் பூட்டியபின், "நீரே ஓட்டிப் பாரும், தங்கச்சியையும் ஏத்தும்" என்றார். காங்கேசன்துறை வீதியில் அண்ணர் கிளச்சை விட்டதும் கார் பாய்ந்தது. என் கூந்தல் அவிழ்ந்து பறந்தது. கடல் தெரியும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே போனோம்.

அந்த ஆண்டே அப்புக்காத்து தம் வீதியோரக் காணியில் அண்ணருக்குப் பட்டறை போட இடம் கொடுத்தார். தங்கைமார் எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்த பின்னரே அண்ணர் அண்ணியைக் கைப்பிடித்தார். யுத்த காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் கார்கள் முடங்கியபோது, தோட்டங்களின் இறைப்பு இயந்திரங்களைத் திருத்திப் பட்டறையை மூடாமற் காத்தார். சென்ற மாதம் கண்ட காய்ச்சல் மூன்றே நாளில் அவரை எங்களிடமிருந்து பிரித்துவிட்டது.

வைத்தியம் செய்த டாக்குத்தருக்கும், பாடையை முதலில் தோளில் ஏற்ற அப்புக்காத்து அவர்களுக்கும், இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. பட்டறைத் தொழிலாளருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அண்ணர் கழற்றி வைத்திருந்த இரண்டு வண்டிகளையும் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முன்பே பூட்டி, வாசலில் கொண்டுவந்து இயக்கிக் காட்டினார்கள். அதுவரை கண்ணீரின்றி இருந்த அண்ணி, அந்த எஞ்சின் சத்தம் கேட்ட பிறகுதான் வாய்விட்டு அழுதார்.