பெருங்காய ஏப்பம்

விரதம் இருக்கிறவர்களை அந்த நாட்களில் எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில், வல்லாரையும் நெல்லியும் தூளாக்கிக் கப்சூலில் அடைத்து விற்கும் சின்னக் கம்பனியில் தரம் பார்க்கிறவளாக இருந்தேன். நிரப்பும் மேசையில் வத்தேகமப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வரும் ஒருத்தி வேலை செய்தாள். கந்தசஷ்டி தொடங்கினால் ஆறு நாளும் அவளுக்குப் பாலும் பழமும்தான். மத்தியானம் நாங்கள் பார்சலைப் பிரித்தவுடன், கறி வாடை படக்கூடாதென்று கதிரையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவாள். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் ஏன் விரதம் பிடிக்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸுக்கு நின்றபோது அவளே சொன்னாள். கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. மூன்று சஷ்டி பிசகாமல் பிடிப்பதாக முருகனுக்கு நேர்ந்திருந்தாள். இது மூன்றாவது. இதற்குப் பிறகும் ஒன்றும் ஆகாவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பேன் என்று மாமியார் சொல்லிவிட்டாளாம். இவளுக்கு வயது முப்பத்தெட்டு. ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

அந்த வருடம் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. கப்சூலின் ஓடு ஜெலட்டினாக இருக்கக்கூடாது, செடிகொடியிலிருந்துதான் வரவேண்டும் என்பது நிபந்தனை. ஜெலட்டின் என்றால் மாட்டின் தோலும் எலும்பும் காய்ச்சி எடுப்பது. எங்கள் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், வாங்குவதைவிடச் செய்து பார்ப்பதில் ஆசையுள்ளவர். மர நாரிலிருந்து எடுக்கும் மாவு ஒன்றைக் கரைத்து, அதில் சில்வர்க் கம்பிகளைத் தோய்த்தெடுத்தால் ஓடு வரும். ஆனால் அந்த மாவு தனியே கம்பியில் நிற்காது, வழிந்துவிடும். அதைப் பிடித்து உறைய வைக்க இன்னொன்று வேண்டும். எதைச் சேர்ப்பது என்பதில்தான் எனக்கு இரண்டு மாதம் போனது.

முதலில், நோன்பு காலத்தில் இனிப்புச் செய்ய வாங்கும் கடற்பாசியையே தெருமுனைக் கடையில் வாங்கிக் காய்ச்சினேன். கம்பியை எடுப்பதற்குள் கட்டியாகிவிட்டது. காய்ந்ததும் பொருக்கு வெடித்தது. பிறகு வேறொரு பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன். கொஞ்சம் பொட்டாசிய உப்புப் போட்டால் நன்றாகப் பிடித்தது. ஒரு சிட்டிகை கூடினால் அப்பளம்போல நொறுங்கியது. மூன்றாவது ஜெலன் பசை. கண்ணாடிபோலத் தெளிவான ஓடு. நான் மயங்கிப்போனேன்.

முதலாளி அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "ஓடு வடிவாத்தான் இருக்கு பிள்ளை. வயித்துக்குள்ள போய்த் திறக்க வேணுமே. ஜெலட்டின் எத்தினை நிமிசத்தில திறக்குதோ, அதுக்குக் கிட்டவாவது வரவேணும்."

கரைவதைச் சோதிக்கும் இயந்திரம் எங்களிடம் இல்லை. ஆகவே நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஓட்டுக்குள் பெருங்காயத் தூளை அடைத்து விழுங்குவது, எத்தனையாவது நிமிடத்தில் பெருங்காய ஏப்பம் வருகிறதென்று எழுதுவது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் காலையில் பாணும் பருப்பும் அடைத்த என் வயிற்றில் கணக்குச் சரியாக வரவில்லை. வெறும் வயிறு வேண்டும். வெறும் வயிறு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது.

மூன்று ஓடுகளுக்கும் ஏ, பி, சீ என்று பெயர் வைத்தேன். ஏ கராஜீனன், பி ஜெலன், சீ ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாட்டு ஜெலட்டின். எது எதுவென்று எனக்கு மட்டும்தான் தெரியும். விழுங்குகிறவருக்குத் தெரியக்கூடாது என்பது சோதனையின் முறை. அந்த முறைக்குப் பின்னால் நான் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன்.

விழுங்கச் சொல்லி நீட்டியதும், "இது சைவந்தானேக்கா?" என்று கேட்டாள்.

"கப்சூலுக்கு என்னா புள்ள சமயம்? அது சைவமும் இல்ல, வேதமும் இல்ல" என்றேன். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு மறுபடியும் கேட்டாள்.

"எல்லாம் கடல்பாசிதான், முழுங்கு."

தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் இறைச்சித் துண்டு தெரியாமல் வாயில் பட்டாலே துப்பிவிட்டுக் கொப்பளிக்கிறவள் நான். நான்தான் அதைச் சொன்னேன்.

விரதத்தின் மூன்றாம் நாள் ஏ கொடுத்தேன், இருபத்தைந்து நிமிடம். நான்காம் நாள் பி, நாற்பதையும் தாண்டியது. வயிற்றுப் புளிப்பில் ஜெலன் இன்னும் இறுகிக்கொள்ளும் என்று அன்றுதான் புரிந்தது. ஐந்தாம் நாள் சீ. பத்தே நிமிடத்தில் ஏப்பம் விட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வெட்கப்பட்டாள். நேரத்தைத் தன் கையாலேயே தாளில் எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். கணக்கு உறுதியாக வேண்டுமென்று ஆறாம் நாள் காலையிலும் அதே சீயைக் கொடுத்தேன். அன்று சூரன்போர். பின்னேரம் கண்டிக்குப் போய்க் கோயிலில் நேர்த்தியை முடிக்க அரைநாள் லீவு கேட்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு முதலாளி வந்து தாளை வாசித்தார். "சீதான் திறம். ரெண்டு நாளும் பத்து நிமிசம். அது எது பிள்ளை?"

"மாட்டு ஜெலட்டின் ஐயா" என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மேசை முழுவதும் கேட்கத்தான் சொன்னேன். அவள் முகம் எப்படிப் போகிறதென்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், ஆசையாகத்தான் இருந்தது.

"ஆர் விழுங்கினது?" என்று கேட்ட முதலாளி, எழுந்து நின்றவளைப் பார்த்ததும் தாளை மடித்துக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டார். அவரும் சைவக்காரர்தான்.

அவள் குழாயடிக்கு ஓடித் தொண்டைக்குள் விரலை விட்டாள். நான் பின்னால் போய் நின்றேன். "பத்து நிமிசத்துல கரையுதுன்னு நீதானே எழுதின? காலைல முழுங்கினது. இனி என்னா வரப்போகுது?" என்றேன். பாலும் எச்சிலும்தான் வந்தன.

முகத்தைக் கழுவிவிட்டு என் பக்கம் திரும்பினாள். ஏசுவாள் என்று நினைத்தேன். பதிலுக்கு ஏச நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன்.

"அக்கா, நம்பர் மாறிப் போச்சுன்னு சொல்லுங்க. எனக்குக் குடுத்தது வேறன்னு ஒரு வாட்டி சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பிக்கிறேன். கோயிலுக்குப் போயிர்றேன்."

நாலு நாளாகச் சரளமாகப் பொய் சொன்ன வாய் என்னுடையது. இன்னுமொன்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் என் ஏட்டில் நம்பர் மாறியதாக யாரும் பேசுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"என் கையில ஒருநாளும் மாறினதில்ல" என்றேன்.

தலையை ஆட்டினாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு வந்தாள். கோயிலுக்குப் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. மேசையில் இருந்த பார்சல்களைப் பார்த்துவிட்டு, "யாராவது கொஞ்சம் சோறு தாங்களேன்" என்றாள். ஒருத்தரும் அசையவில்லை. என் பார்சலை அவள் பக்கம் தள்ளினேன். அவள் பிரிக்கும்போது, "மீன் கறி புள்ள" என்று சொன்னேன்.

"இனி என்னாக்கா" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.