லென்ஸில் பழுதில்லை

என் வீட்டில் மனிதர்களைவிட லென்ஸ்களுக்குத்தான் வசதி அதிகம். வெள்ளவத்தையில், கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, நாலாம் மாடி. உப்புக் காற்று யன்னல் கம்பியைத் தின்னும். விட்டால் லென்ஸுக்குள்ளும் பூஞ்சணம் வளர்க்கும். அதற்காக ஈரத்தை உறிஞ்சும் கண்ணாடிப் பெட்டி ஒன்று வாங்கி, மின்சாரம் கொடுத்து, அவற்றைக் குடியேற்றி வைத்திருக்கிறேன். மூட்டுவலிக்காரனான எனக்கு அப்படி ஒரு பெட்டி கிடையாது. பைகள் நான்கு, முக்காலிகள் மூன்று, லென்ஸின் முன்னால் பூட்டும் பில்டர்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய. இவ்வளவும் வைத்துக்கொண்டு நான் எடுத்த படங்களில் சுவருக்குப் போனது ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் கமெரா வாங்கலாம் என்று யாராவது தவறிக் கேட்டால் ஒன்றரை மணித்தியாலம் கதைப்பேன். வேலை தெரியாதவன் ஆலோசகனாவது எல்லாத் துறையிலும் உள்ளதுதான்.

என் ஆலோசனையை நம்பி நடந்த ஒரே மனிதர் அத்தான். என் அக்காவின் கணவர். இருவரும் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்கள். அத்தான் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் ஆயுள் முழுக்க எழுதுவினைஞராக இருந்தவர். வழக்குக் கோவைகளுக்குப் பக்க எண் இட்டு, நூல் கோத்து, ஒரு தாள் குறைந்தாலும் கையில் எடுத்தவுடன் பாரத்தை வைத்தே சொல்லக்கூடியவர் என்று பெயர். ஓய்வு பெற்றதும் பறவைகளைப் படம் எடுக்கப்போவதாக அறிவித்தார்.

"நீர் சொல்லும் மச்சான், நான் அதை வாங்கிறன். எனக்கு உதுகள் விளங்காது."

தூரத்துப் பறவையைக் கிட்ட இழுக்கும் நீள லென்ஸ் ஒன்றைத் தெரிவு செய்து கொடுத்தேன். தூக்கிப் பார்த்துவிட்டு, பாரம் அல்லோ என்றார். நல்ல சாமான் பாரமாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொன்னேன்.

ஞாயிறு காலைகளில் பஸ் ஏறி வருவார். வாய்க்கால் கடலோடு சேரும் இடத்துக்குக் கிட்ட நிற்போம். கொக்கு, நீர்க்காகம், எப்போதாவது ஒரு மீன்கொத்தி. நான் சாமான்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பேன். அவர் படம் எடுத்துக்கொண்டிருப்பார். கமெரா ஒவ்வொரு படத்துக்கும் தானாக ஓர் எண் கொடுக்கும். அந்த எண்ணை ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் பறவையின் பெயர், வேகம், வெளிச்சம் எல்லாம் குறிப்பார். வேறொருவர் செய்திருந்தால் பைத்தியம் என்றிருப்பேன்.

மூன்றாம் வருடம் படங்கள் மங்கத் தொடங்கின.

"லென்ஸிலை ஏதோ பிழை போலை" என்றார் ஒருநாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. பழுதான லென்ஸ் என்பது என்னைப் போன்றவர்களுக்குத் திருவிழா. அவர் வீட்டுச் சுவரில் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தை ஒட்டினேன். எழுத்து பொடியாக இருந்தால்தான் லென்ஸின் கூர்மை தெரியும். அதைப் படம் எடுத்து, பெருப்பித்து, இறந்தவர்களின் மருமக்கள் பெயர்களைக் கம்பியூட்டரில் வாசித்துப் பார்த்தோம். நான் எடுத்தபோது வாசிக்க முடிந்தது. அவர் எடுத்தபோது முடியவில்லை. குவியம் சில நேரம் பிடிக்குது, சில நேரம் பிடிக்குதில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். லென்ஸ் ஊதித் துடைக்கப்பட்டது. பில்டர் கழற்றப்பட்டது. இரண்டு பேருக்கும் வேறு ஒரு காரணம் தோன்றவேயில்லை. கமெராவை நாளெல்லாம் நோண்டுகிறவனுக்குப் படம் மங்கினால் கமெராவைத்தான் பார்க்கத் தெரியும்.

பிறகு ஒரு ஞாயிறு. அத்தானின் சப்பாத்து நாடா அவிழ்ந்திருந்தது. கமெராவை என்னிடம் தந்துவிட்டுக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து, வள்ளம் கட்டுகிற கயிற்றில் சின்ன மீன்கொத்தி ஒன்று வந்து குந்தியது. நான் கமெராவைத் தூக்கி ஒரு தரம் அழுத்தினேன். பறவை போய்விட்டது.

திரையில் பார்த்தேன். கண் தெளிவாக விழுந்திருந்தது. நெஞ்சு இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அதே கமெரா, அதே லென்ஸ், அத்தான் வைத்திருந்த அதே வேகம். முக்காலி இல்லை. எடுத்தவனோ வாழ்நாளில் ஒரு நல்ல படம் எடுக்காதவன்.

திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். வலது கையின் பெருவிரல் நாடாவைத் தேடிப் போவதும் தவறுவதும் திரும்பப் போவதுமாக இருந்தது. எவ்வளவு நேரமாகக் கட்டுகிறார் என்று அப்போதுதான் யோசித்தேன்.

படத்தை அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கமெரா ஒருமுறை கேட்டது. ஓம் என்று அழுத்தினேன்.

"ஏதும் வந்ததோ?" நிமிர்ந்தபடி கேட்டார்.

"இல்லை அத்தான். நாங்கள் முக்காலி ஒண்டு பாப்பம்."

அதன் பிறகு நான் தெரிவு செய்து கொடுத்த சாமான்களின் பட்டியல் என் மனச்சாட்சியின் பட்டியல்தான். பாரமான முக்காலி. கமெராவைத் தொடாமலே அழுத்துவதற்கு ஒரு வயர். அவர் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்துவதற்குள் கொக்கே போய்விடும். கடைசியில் மதிலில் வைத்து, மேலே லென்ஸைக் கிடத்தி எடுக்க ஒரு துணிப்பை. அதை நிரப்பப் பயறு நல்லது என்று எங்கேயோ வாசித்திருந்தேன்.

"ரெண்டு கிலோ பயறு வாங்கி வைச்சனான், எங்கை?" என்று அக்கா குசினிக்குள் இருந்து கேட்டாள்.

"கமெராவுக்குக் கீழை" என்றார் அத்தான்.

"அதுக்குப் பசிக்குதாமோ? தம்பி, நீ இந்த மனுசனை விசராக்கிப்போட்டுத்தான் விடுவாய்."

எட்டு மாதம் இப்படிப் போனது. ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிடலாம் என்று போவேன். புதிதாக ஒரு சாமானைச் சொல்லிவிட்டு வருவேன். கடைசியில் கண்டுபிடித்தவள், கமெராவைக் கையாலும் தொடாத அக்கா. கொப்பியைத் தூசி தட்ட எடுத்தவள், அவருடைய எழுத்து பக்கத்துக்குப் பக்கம் சிறுத்து எறும்பு வரிசை மாதிரிப் போயிருப்பதைக் கண்டாள். அடுத்த கிழமையே நரம்பு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன்.

டொக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார். எப்ப தொடங்கினது என்று கேட்டார்.

"இந்தத் தைக்குப் பிறகுதான்" என்றாள் அக்கா.

"பொறும்" என்றார் அத்தான். பைக்குள்ளிருந்து கொப்பியை எடுத்துத் திகதியைக் காட்டினார். முதலாவது மங்கல் படம். அதற்குப் பக்கத்தில், இன்னும் பெரிதாக இருந்த எழுத்தில், லென்ஸ் கோளாறு என்று இருந்தது. ஒன்றே முக்கால் வருடத்துக்கு முந்தியது.

டொக்டர் பக்கங்களைப் புரட்டினார். "இவ்வளவு வடிவா எழுதி வைச்சிருக்கிறீங்கள். ஏன் முந்தியே வரேல்லை?"

"லென்ஸ் எண்டு நினைச்சிட்டம்."

அந்த 'நினைச்சிட்டம்' என்பதற்குள் நானும் இருந்தேன். டொக்டர் நோயின் பெயரைச் சொன்னார். குளிசை இருக்கிறது, ஆனால் கை பழையபடி வராது என்றார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார்.

கொட்டாஞ்சேனைக்கு வந்து, அக்கா தேத்தண்ணி போடப் போனதும், அத்தான் கொப்பியை மேசையில் விரித்து ஒரு வரியில் விரல் வைத்தார். விரல் அந்த வரியில் நிற்க மறுத்தது.

"நாலாயிரத்து நானூற்றிப் பதினேழு எங்கை மச்சான்?"

எண்ணுக்குப் பக்கத்தில், விடுபட்டது, காரணம் தெரியாது என்று எழுதியிருந்தது. எட்டு மாதம் அதைக் கேட்காமல் வைத்திருந்திருக்கிறார்.

"நான் அழிச்சனான்."

"நீரோ எடுத்தனீர்?"

"ஓம். நீங்கள் சப்பாத்துக் கட்டேக்கை."

"கையிலை வைச்சோ?"

"ஓம்."

"அப்ப உமக்கு அண்டைக்கே தெரியும்."

"ஓம் அத்தான்."

"தெரிஞ்சுகொண்டுதான் முக்காலி. வயர். பயறு."

நான் சொல்ல இருந்ததெல்லாம் அவரே வரிசையாகச் சொல்லிவிட்டார்.

"கந்தோரிலை ஒருத்தன் இப்பிடிக் கோவையிலை ஒரு தாளை எடுத்தவன். பிறகு நான் அவனைக் கோவை தொட விடேல்லை" என்றார். குரல் உயரவில்லை. மறுபடி அந்த வரியைப் பார்த்து, "என்ன பறவை?" என்று கேட்டார்.

"மீன்கொத்தி. சின்னது."

"கண் விழுந்ததோ?"

"விழுந்தது. கண்ணுக்குள்ளை வெளிச்சப் புள்ளியும் விழுந்தது."

"எனக்கு அது ஒருநாளும் கிடைக்கேல்லை."

நான்கு வருட ஞாயிறுகளிலும் அந்தப் புள்ளிக்காகத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் லென்ஸ்களைப் பற்றிக் கதைத்த கதையில் அதைக் கேட்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

"திருப்பி எடுக்கேலாதோ?"

ஏலாது என்றேன். அதே கார்டில் அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான படங்கள் எழுதப்பட்டுவிட்டன. எல்லாம் அவருடையவை, எல்லாம் மங்கல். அதை மட்டும் சொல்லவில்லை.

அவர் தலையாட்டினார். கொப்பியை என் பக்கம் தள்ளினார். "பறவையின்ரை பேரை எழுதும்."

எழுதினேன்.

"வேகம்?"

"ஞாபகம் இல்லை அத்தான்."

"சரி, அதை விடும். எடுத்தவர் எண்டு உம்மடை பேரைப் போடும்."

"உங்கடை கமெரா அல்லோ."

"கமெரா என்ரை. எடுத்தது நீர்."

என் பெயரை எழுதினேன். கொப்பியையும் பேனையையும் வாங்கிக்கொண்டார். பேனைக்கு மூடியிட முயன்றார். மூடி முனையைத் தேடிப் போய்த் தவறியது, திரும்பப் போனது. நான் உதவிக்குக் கை நீட்டவில்லை, வேறு பக்கம் திரும்பவும் இல்லை. அது பொருந்தும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.