நாடா கட்டும் பக்கம்

சூலான் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கடைசி மேசையில்தான் உட்காருவாள். யாரும் அங்கே போ என்று சொல்வதில்லை, இவளே போய்விடுவாள். மணப்பெண் பக்கத்தில் வந்தால் இரண்டு கையையும் மடியில் ஒளித்துக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏண்டி, கையில சிரங்கா புடிச்சிருக்கு?" என்று ஒருமுறை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "சும்மா இரு, நல்ல நாளும் அதுவுமா" என்று தொடையில் கிள்ளினாள். அந்தத் தடம் இரண்டு நாள் போகவில்லை.

அவள் ஆயுசுத் துணி தைக்கிறவள். இறந்தவர்களுக்குப் போட்டு அனுப்புகிற உடுப்புக்கு இந்த ட்சாவ் மாவட்டத்தில் அப்படித்தான் பெயர். என் ஆட்டுக்கறி சூப்புக் கடைக்கு நேர் எதிரே அவள் கடை. அண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு இத்தனை வருஷமாக அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புருஷன் நிலக்கரி லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போனால் புத்தாண்டுக்குத்தான் வீடு திரும்புவார். மகள் யாநான் ஒருத்திதான் துணை.

ஆதியில் அவளும் ஊரில் மற்றவர்களைப் போல நாடகக்காரர்களுக்கு உடுப்புத் தைத்தவள்தான். மாமனார் திடீரென்று போனபோது கடையில் வாங்கிய ஆயுசுத் துணி, கையை நுழைக்கும்போதே அக்குளில் டர்ரென்று கிழிந்தது. கூடியிருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சூலான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, விடிவதற்குள் புதிதாக ஒன்று தைத்துக் கொண்டுவந்து போட்டாள். மறுமாதமே பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்தது. அப்புறம் அந்த வேலை அவளை விடவில்லை.

எங்கள் ஊரில் இப்போது யாரைத் தொட்டாலும் தையல்காரர்தான். நகரத்துப் பிள்ளைகளுக்கு என்ன வந்ததோ, முன்னோர் போட்ட துணிதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஹான் காலத்தில் உடம்பைச் சுற்றிக் கட்டிய நீள அங்கி, டாங் காலத்தில் மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிய பாவாடை, சோங் காலத்து ஒல்லி மேலங்கி, மிங் காலத்துக் குதிரைமுகப் பாவாடை. இந்தக் கடைசிப் பாவாடைக்குத்தான் அதிக கிராக்கி. முன்னும் பின்னும் பலகை மாதிரித் தட்டையாக இருக்கும், இரண்டு பக்கமும் கொசுவம் கொசுவமாக விழும். பூண்டு போட்ட வயலிலெல்லாம் பட்டறை எழும்பிவிட்டது. சூப்புக் குடிக்க வருகிற பொடிசுகள்கூட, "இது மிங் கை இல்ல, சோங் கை" என்று சண்டை போடுகிறார்கள். எனக்குத் தெரிந்த கை, கரண்டி பிடிக்கிற கைதான்.

சூலான் அதைக் கேட்டுச் சிரிப்பாள். அவர்கள் படம் பார்த்துத் தேடுகிற வெட்டு, அவள் கத்தரியை விட்டு ஒரு நாளும் போனதில்லை. மஞ்சு ராஜாக்கள் வந்தபோது ஆண்பிள்ளைகள் முன்தலையை மழித்துப் பின்னல் போட வேண்டியிருந்தது, சட்டையையும் மாற்ற வேண்டியிருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். செத்தவனை மட்டும் விட்டுவிட்டார்களாம். அதனால் உயிரோடு இருந்தவர்கள் பொத்தான் வைத்த புதுச் சட்டைக்கு மாறினாலும், போகிறவர்கள் பழைய உடுப்பிலேயே போனார்கள். குறுக்கே மடிகிற கழுத்து, விரல் நுனியையும் மூடுகிற அகலக் கை, பொத்தானுக்குப் பதில் நாடா.

கழுத்து மடிப்பில் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. உயிருள்ளவர்களுக்கு இடப்பக்கத்துத் துணி மேலே வந்து வலது விலாவில் நாடா முடியும். போனவர்களுக்கு நேர்மாறாக இடது விலாவில். எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குச் சட்டை போட்டாலும் இதைப் பார்க்காமல் போடமாட்டார்கள். சூலான் தைக்கிற ஆயுசுத் துணியில் மட்டும் இரண்டு விலாவிலும் நாடா இருக்கும். வயதானவர்கள் முன்கூட்டியே தைத்து வைத்துக்கொள்வது வழக்கமில்லையா? அளவு பார்க்க வரும்போது வலப்பக்க நாடாவை முடிந்துவிட்டு, "இந்தப் பக்கமே கட்டிக்கிட்டு இருங்க, அந்தப் பக்கத்துக்கு என்ன அவசரம்?" என்பாள். எண்ணெய்க் கடைப் பெரியம்மா அப்படித் தைத்து வாங்கி எத்தனையோ வருஷமாகிறது. இன்றைக்கும் மாஜோங் ஆட்டத்தில் தோற்றால் காயைத் தூக்கி எறிகிறாள்.

யாநான் பட்டறை ஒன்றில் துணிகளைப் போட்டுக் காட்டிக் கைப்பேசியில் விற்கிற வேலை பார்த்தாள். அங்கே லாரியில் மூட்டை ஏற்ற வந்த ஜுன்பெங்கைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பையன். என் கடையில் சூப்பை மிச்சம் வைக்காமல் குடிக்கிறவனை நான் குறை சொல்வதில்லை. பத்தாம் மாதம் கல்யாணம் என்று முடிவானது.

அன்று சூலான் என்னை உள்ளே கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்தாள். சிவப்புப் பட்டு. மகள் பள்ளிக்கூடம் போகும்போதே வாங்கி வைத்தது. மடிப்பில் வெடித்துவிடுமே என்று வருஷா வருஷம் பிரித்து மாற்றி மடித்து வைத்திருக்கிறாள், எனக்குக்கூடச் சொல்லாமல்! "மிங் வெட்டுல வட்டக் கழுத்து அங்கி. கீழ குதிரைமுகப் பாவாடை. தோள்ல போடற பட்டிக்குப் பூவேலை நானே போடுவேன்" என்றாள். "ஊருல எல்லாருக்கும் தைச்சாச்சு. என் பொண்ணுக்கு ஒண்ணு, இது ஒண்ணே ஒண்ணு தைக்கணும்." அவள் தனக்கென்று ஆசைப்பட்டு நான் கேட்டது அன்றுதான்.

நிச்சயத்துக்கு ஜுன்பெங்கின் அம்மா ஃபெங்மெய் பேரிக்காய்க் கூடையோடு வந்தாள். அறுபத்தாறு வயது. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, தலை நரைக்கிற நேரத்தில் இவனைப் பெற்றவள். அதனால் எதற்கெடுத்தாலும் பயம். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றாள், வீட்டைப் பிடித்திருக்கிறது என்றாள். பிறகு தேநீரை ஊதி ஊதிக் கொண்டே இருந்தாள்.

"சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணத் துணி மட்டும் வெளிய எங்கயாவது எடுத்துக்கலாமே. உங்க கை... வேற வேலை பாத்த கை. எனக்கு ஒரே பையன்."

யாநான் எழுந்துவிட்டாள். "அப்ப நான் ஜீன்ஸ் போட்டுக்கிட்டு வரேன் அத்தை, போதுமா?"

"உக்காருடி!" என்று சூலான் அதட்டினாள். ஃபெங்மெய்யிடம் சிரித்த முகமாகவே, "நீங்க சொல்றதும் சரிதான் சம்பந்தியம்மா. வெளியவே எடுத்துக்கலாம்" என்றாள்.

அவள் அழுதிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். சம்பந்தி வீட்டார் போன பிறகு பெட்டியைத் திறந்து பட்டை மடிப்பு மாற்றி வைத்தாள். வருஷத்துக்கு ஒருமுறை செய்கிறதை அந்த வாரத்தில் எத்தனை தடவை செய்தாளோ தெரியாது.

நிலாவை வைத்து எண்ணுகிற எங்கள் கணக்கில் அந்த வருஷம் ஆறாம் மாதம் இரண்டு தடவை வந்தது. இப்படி மாதம் இரட்டித்து வருகிற வருஷத்தில் ஆயுசுத் துணி தைத்தால் ஆயுசும் கூடும் என்று எங்களுக்கு நம்பிக்கை. அதற்கு ஒரு நிபந்தனை: தைக்க வேண்டிய துணியை மகள்தான் தன் கையால் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அந்த மாதம் சூலான் கடையில் திருவிழாக் கூட்டம்தான். பெண்கள் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவார்கள். தைக்கக் கொடுத்துவிட்டு என் கடைக்கு வந்து சூப்புக் குடித்துச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

ஒரு மத்தியானம் ஃபெங்மெய் தனியாக வந்து என் கடையில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பை. ஒரு கிண்ணம் குடித்தாள். இன்னொரு கிண்ணம் கேட்டாள். கண் மட்டும் எதிர்க்கடையை விட்டு நகரவில்லை.

"என்னக்கா, சூப்புல உப்பு கம்மியா, இல்ல எதிர்க்கடைக்குப் போக முடியாம ரோட்டுல முள்ளு கிடக்கா?" என்றேன்.

"அறுபத்தாறு கண்டம்னு சொல்றாங்க" என்றாள் மெதுவாக. "ராத்திரியெல்லாம் தூக்கம் வரமாட்டேங்குது. நான் போயிட்டா பேரனைப் பாக்காம போயிடுவேனோன்னு இருக்கு. தைச்சா உங்க சூலான்தான் தைக்கணும்னு எங்க பக்கமெல்லாம் சொல்றாங்க. எண்ணெய்க் கடை அம்மாவைப் பாருங்கன்னு சொல்றாங்க..."

எனக்கு வாயில் பூட்டு இல்லை. "ஓகோ! உங்க ஆயுசைக் கூட்ட அந்தக் கை வேணும். உங்க பையன் கல்யாணத்துக்கு மட்டும் அது ஆகாது. நல்லா இருக்கு அக்கா நியாயம்!" என்று கத்தியே விட்டேன். கடையில் இருந்தவர்கள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

சத்தம் கேட்டு சூலான் ஓடிவந்தாள். விஷயம் புரிந்ததும் என் பக்கம் திரும்பி, "உனக்கு வேற வேலையே இல்லையா? போய் அண்டாவைப் பாரு" என்றாள். ஃபெங்மெய்யைக் கையைப் பிடித்துச் சாலையைத் தாண்டிக் கூட்டிப்போனாள். அண்டாவாவது குண்டாவாவது! நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றுகொண்டேன்.

உள்ளே யாநான் நாடா வெட்டிக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் எழுந்தாள்.

ஃபெங்மெய் துணி வைத்த பையை நீட்டினாள். சூலான் வாங்கவில்லை. வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் அவள் நின்றதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "தைக்கிறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல சம்பந்தியம்மா. ஆனா துணி மகள் கையால வரணுமே. நீங்களே கொண்டுவந்து கொடுத்தா பலிக்காதுன்னு உங்களுக்கே தெரியும். சும்மா தைச்சுக் கொடுத்துட்டு பலிக்கும்னு சொல்லி உங்களை ஏமாத்த எனக்கு மனசு வரல."

"எனக்கு எங்க மகள்?" என்றாள் ஃபெங்மெய். "கல்யாணம் முடிஞ்சா இவ மகள். அதுக்குள்ள இந்த மாசம் போயிடும்."

யாநான் கத்தரியைக் கீழே வைத்தாள். நான் நினைத்தேன், தொலைந்தது, இந்தப் பெண்ணுக்கு என் வாய், இப்போது ஃபெங்மெய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று. யாநான் மாமியார் கையிலிருந்து பையை வெடுக்கென்று வாங்கினாள். என்னை இடித்துக்கொண்டு வெளியே போனாள். சாலையில் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, புதிதாக வருகிறவள் மாதிரி மறுபடி வாசற்படி ஏறினாள்.

"கடைக்காரம்மா, எங்கம்மாவுக்கு அறுபத்தாறு. ஆயுசுத் துணி தைக்கணும். நல்லா இடம்விட்டுத் தைங்க, இன்னும் ரொம்ப நாள் சாப்பிட்டு குண்டாகப் போறாங்க."

சூலான் இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டாள். "அம்மாவை உள்ள வரச் சொல்லும்மா, அளவு எடுக்கணும்" என்றாள். ஃபெங்மெய் அழுதாள். நான் ஏன் அழுதேன் என்று கேட்காதீர்கள், வெங்காயம் நறுக்கிய கை.

கல்யாணத் துணியைப் பற்றி அன்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசப் பார்த்தேன். சூலான் முறைத்தாள்.

இரட்டை மாதம் முடிகிறதற்குள் துணி தயாரானது. ஃபெங்மெய் போட்டுப் பார்க்க வந்தாள். உள்ளே வெள்ளைச் சட்டை, அதன்மேல் பஞ்சு வைத்த அங்கி, எல்லாவற்றுக்கும் மேலே கருஞ்சிவப்புப் பட்டில் நீள அங்கி, கீழே கொசுவம் வைத்த பாவாடை. சூலான் இடப்பக்கத்தை மேலே இழுத்து வலது விலாவில் நாடாவை முடிந்தாள். "இந்தப் பக்கமே கட்டிக்கிட்டு இருங்க" என்றாள், வழக்கம்போல.

ஃபெங்மெய் கண்ணாடி முன்னால் நின்றாள். கையை விரித்துப் பார்த்தாள். மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள். கொசுவம் விரிந்து அடங்கியது.

"என் கல்யாணத்துக்கு எங்க அக்காகிட்ட இரவல் வாங்கின நீலச் சட்டைதான்" என்றாள். "மறுநாளே திருப்பிக் கொடுக்கச் சொல்லிட்டா. நான் இப்படி ஒரு துணி போட்டதே இல்ல. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு."

"பொம்பளைங்க ஆயுசுத் துணிக்கு அந்த வெட்டுதான்" என்றாள் சூலான், கீழ்விளிம்பை இழுத்துவிட்டபடி. "அந்தக் காலத்துல கல்யாணத்துக்குப் போட்டதையே எடுத்து வச்சிருந்து போட்டு அனுப்புவாங்களாம். உங்களுக்கு அது இல்லையேன்னுதான், கொஞ்சம் நல்லாவே தைச்சேன்."

ஃபெங்மெய் நாடா முடிச்சைத் தடவிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே, "நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேன்" என்றாள். "என்னமோ சிவப்புப் பட்டு வாங்கி வச்சிருக்கியாமே, சூப்புக்கடைக்காரி சொன்னா. எடு, பாப்போம்."

சொன்னேன்தான். பின்னே, பூட்டு இல்லாத வாயை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது?

பத்தாம் மாதம் மேகமில்லாத ஒரு காலையில் சூலான் மகளுக்கு உடுத்திவிட்டாள். வட்டக் கழுத்து அங்கி, தங்க ஜரிகை ஓடிய குதிரைமுகப் பாவாடை, தோளிலிருந்து முழங்கால்வரை தொங்குகிற பூவேலைப் பட்டி. எனக்குத் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அதுவே சாட்சி. ஃபெங்மெய் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். வலது விலாவில் நாடா இருந்தது. மணப்பெண்ணின் கையைத் தூக்கி இடது விலாவைத் தடவினாள், திரும்பவும் தடவினாள்.

"சம்பந்தி, இந்தப் பக்கம் நாடா வைக்க மறந்துட்டியா?"

"மறக்கல" என்றாள் சூலான். "இவளுக்கு ஒரு பக்கம்தான்."

சூலான் வழக்கம்போல ஒளித்துக்கொள்ளப் போன கையை ஃபெங்மெய் பிடித்தாள். முதல் மேசையில் உட்கார வைக்கிறவரை விடவே இல்லை.