மண்ணில் ஏன் வைக்கவில்லை என்று கேட்டார்கள்

மூணாறுக்கும் மறையூருக்கும் நடுவில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், வரிசையாகக் கட்டிய லயத்து வீடு ஒன்றில் இருக்கிறேன். ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பிரிவில் வேலை. வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் இலை அழகுக்காக நான் வளர்க்கும் பிகோனியாச் செடிகளைப் போய்ப் பார்த்துவிடுவேன். எல்லாம் பழைய பெயின்ட் வாளிகளில் வளர்பவை.

பாலக்காட்டில் கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் செடிப் பிரியர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார். மலையிலிருந்தும் சமவெளியிலிருந்தும் ஆட்கள் இருந்தோம். தண்டை வெட்டி ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் கொடுத்தனுப்புவோம். குழுவின் தலைப்பில் அவர் எழுதி வைத்திருந்தார்: ‘செடி மட்டும். ராஷ்ட்ரீயம் வேண்டாம்.’ அரசியலுக்கு எங்கள் பக்கம் அந்த மலையாளச் சொல்தான் புழங்கும். எனக்கும் அது நல்ல விதியாகத்தான் பட்டது, போன வருஷம் வரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பிகோனியா படம் ஒன்றைப் போட்டேன். முறத்தின் அகலத்துக்கு இலை விட்டிருந்தது. யாரோ கேட்டார்கள்: ‘இவ்வளவு நல்லா வருதே, ஏன் வாளியிலயே வெச்சிருக்கீங்க? மண்ணுல இறக்குங்க.’

நான் பதில் எழுதினேன்: ‘மண் எங்களுடையது இல்லை. மூன்று தலைமுறையாக இங்கேதான் வேலை செய்கிறோம். வேலையிலிருந்து நிற்கும்போது வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வாளி என்றால் தூக்கிக்கொண்டு போகலாம். இங்கே உழைத்தவர்களுக்குச் சொந்தமாக நிலம் தர வேண்டும்.’

கோவிந்தாபுரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் உடனே எழுதினார்: ‘சம்பளம் வாங்கித்தானே வேலை செஞ்சீங்க? அப்புறம் நிலம் எதுக்கு?’ நான் திருப்பி எழுதினேன். அவரும் விடவில்லை. சற்று நேரத்தில் அத்தனையும் அழிந்துபோயின. குழுவை நடத்துபவர் எனக்கு போன் போட்டார்.

“உங்க மேல கோபம் ஒண்ணும் இல்லை. முன்னாடி ஒரு குரூப் நடத்தினேன். எலக்‌ஷன் சமயத்துல சண்டை போட்டுண்டு எல்லாரும் போயிட்டா. தெரியாம போட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிடுங்கோ, போதும்.”

“தெரிஞ்சுதான் சார் போட்டேன்.”

“வாளியில வெச்சா அழகா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே?”

“பொய் சொல்லச் சொல்லுதீங்களா சார்?”

அவர் போனை வைத்துவிட்டார். சாயங்காலம் பார்த்தபோது நான் குழுவில் இல்லை.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் லயத்திலேயே கட்சிச் சண்டையில் அண்ணன் தம்பி பேச்சு நின்று போயிருக்கிறது. ஆனால் நான் எந்தக் கட்சியைப் பற்றியும் வாய் திறக்கவில்லையே. என் செடியைப் பற்றிக் கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். நிலம் உள்ளவர் மாமரம் வைத்த கதையைச் சொன்னால் அது தோட்டக்கலை, நான் வைக்க முடியாத கதையைச் சொன்னால் அது ராஷ்ட்ரீயமா?

மறு மாதம் குழுவினர் நேரில் கூடிச் செடி மாற்றிக்கொள்ளும் நாள் வந்தது. இந்த முறை மீனாட்சிபுரத்தில், குழுவில் இருந்த ஒரு பெண்ணின் தென்னந்தோப்பில். மாடு வளர்த்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். அவரே என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்கக்கா, வாரீங்கதானே?”

“என்னைத்தான் தூக்கிட்டாங்களே.”

“குரூப்பு அவரோடதுங்க. தோட்டம் என்ரதுங்க. நீங்க வாங்க.”

போனை வைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சொந்த மண் இருந்தால் ஒரு வாய்க்கு எவ்வளவு தைரியம் வந்துவிடுகிறது.

ஆறு வாளிகளைச் சாக்கில் கட்டி, முதல் பஸ்ஸில் ஏறி, உடுமலையிலும் பொள்ளாச்சியிலும் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். வாளிகளை வரிசையாக வைத்து, ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி முன்னால் சாத்தினேன்: ‘ஏன் வாளி என்று கேட்டால் சொல்வேன்.’

கேட்டார்கள். சிலர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். சிலர் உட்கார்ந்து கேட்டார்கள். மத்தியானம் அந்த மாந்தோப்புக்காரர் வந்தார்.

“நீங்கதானுங்களா அது?”

“நான்தான். உக்காருங்க.”

டீ ஆறிப்போகிற வரை வாக்குவாதம் செய்தோம். நிலத்தை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தால் எஸ்டேட் என்ன ஆகும் என்றார். எஸ்டேட்டை இத்தனை காலம் நடத்தியது யார் கை என்றேன். அவர் மாறவில்லை, நானும் மாறவில்லை. எழுந்து போகும்போது, “அந்தச் செவப்பு இலையில ஒரு தண்டு குடுங்க” என்றார். வெட்டிக் கொடுத்தேன். பதிலுக்கு ஒரு மல்லிகைப் பதியனை வைத்துவிட்டுப் போனார்.

குழுவை நடத்துபவர் டீப் பாத்திரத்தின் பக்கம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். தோப்பில் யாரும் யாரோடும் அடித்துக்கொள்ளவில்லை. கிளம்பும் நேரத்தில் என்னிடம் வந்தார்.

“திரும்பச் சேர்த்துக்கறேன். ஆனா...”

“ஆனா வேண்டாம் சார்.”

ஒரு வாரம் கழித்து, எந்த விளக்கமும் இல்லாமல் என்னைச் சேர்த்திருந்தார். தலைப்பில் அந்த விதி எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது.

போன வாரம் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண், வீட்டு முன்னால் ரோஜா வைக்க எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தோண்டிப் பழக்கமில்லை என்று எழுதி, அதற்கான காரணத்தையும் முழுக்க எழுதினேன். இரண்டு நாளாகியும் குழுவை நடத்துபவர் அதை அழிக்கவில்லை. அழித்திருந்தால் மறுபடியும் போட்டிருப்பேன்.