கொறற்றியின் ஆறு மாத மௌனம்

மன்னார்க்காரி கொறற்றிக்கு ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கத் தெரியாது. நீங்கள் பாதி சொல்லும்போதே மீதியை அவளே சொல்லிவிடுவாள். நம்மவர்கள் அதை அன்பு என்று எடுப்பார்கள். ஜெர்மன்காரர் எடுக்கமாட்டார்கள். பிராங்பேர்ட்டில் ஒரு பேக்கரி, ஒரு முதியோர் இல்லம் என்று இரண்டு இடத்தில் அதற்காகவே வேலை போனது.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். இன்று என் மூன்று வான்களில் நாற்பது உணவகங்களுக்கு மரக்கறி போகிறது. அந்த உணவகங்களில் ஒன்று இஸ்ரேல்காரி நூரித்தினுடையது. என் வாய்ச்சொல்லுக்காகத்தான் அவள் கொறற்றியைச் சமையலுக்கு எடுத்தாள். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பேச்சு.

“பிள்ளை, இந்த வேலையும் போனால் வீட்டு வாடகை கட்ட ஏலாது. முதலாளி என்ன சொன்னாலும் ஓம் எண்டு மட்டும் சொல்லு,” என்று படிப்பித்து அனுப்பினேன். கொறற்றி அப்படியே இருந்தாள்.

கடைசி நாள் தக்காளிப் பெட்டியோடு போனேன். நூரித் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

“இவவை வைச்சிருக்க ஏலாது.”

“ஏன், சமையல் சரியில்லையோ?”

“சமையல் திறம். ஆனா இவ என்னோட கோவம். ஒருநாளும் மறுத்துக் கதைக்கேல்லை. நான் முடிக்கும்வரை பாத்துக்கொண்டு நிக்கிறா. எங்கட ஊரில குறுக்க கதைச்சாத்தான் காது குடுக்கினம் எண்டு தெரியும். இவ மனசில என்ன இருக்கெண்டு—”

“கோவமோ, எனக்கோ?” அடுப்படியிலிருந்து கொறற்றி பாய்ந்தாள். “நீங்கள் எப்ப முடிப்பியள் எண்டு ஆறு மாதமாக் காவல் நிக்கிறன். கத்தரிக்காயைச் சுட்டுப்போட்டுக் கழுவுறியள், வாசம் முழுக்கத் தண்ணியோட போகுது. அந்தச் சிவப்புச் சட்டையும் உங்களுக்குப் பொருந்தேல்லை.”

“கழுவாட்டிக் கரி வரும். சட்டை அக்கா தந்தது, எனக்கும் பிடிக்கே—”

“பிறகேன் போடுறியள்?”

இருவரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். இரண்டும் அரைகுறை டொச். வாசல் மேசை ஜெர்மன்காரர் பயந்து கரண்டியை வைத்துவிட்டார். “சந்தோசமாக் கதைக்கினம்,” என்று விளங்கப்படுத்தினேன். அவர் நம்பவில்லை.

கால் மணி நேரத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த வேலை என்னால் கிடைத்ததுதான். ஆறு மாதம் நான் அவள் வாயை அடைத்து வைத்திராவிட்டால் பேச்சு அந்த வேகத்தில் வந்திருக்குமா?

“திங்கள் ஏழு மணிக்கு வாரும்,” என்றாள் நூரித்.

“எனக்கு ஏழரைக்குத்தான் பஸ்.”

“அப்ப முந்தின பஸ்ஸில வாரும்.”

“அது ஆறரைக்கு இறக்கிவிடும். குளிருக்குள்ள வாசலில நிக்கவோ? கடைத் திறப்பைத் தாங்கோ.”

நூரித் ஏதோ சொல்லிக்கொண்டே சாவிக் கோர்வையிலிருந்து ஒரு திறப்பைக் கழற்றினாள். அவள் சொல்லி முடிக்குமுன் கொறற்றி அதை வாங்கிவிட்டாள்.