முழங்காலில் வைத்த நேர்த்தி

பொறியியல் படித்ததாலோ என்னவோ, அக்காவின் உடல்பருமனையும் நான் வரிசைப்படுத்தியே யோசித்தேன். முதலில் முழங்கால்கள். அடுத்தது மூச்சு, புலம்பெயர்ந்து வந்த லவால் நகரத்து வீட்டின் மாடிப்படியில் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். பிறகு சர்க்கரை. கடைசியாக டாக்டர் கேட்காத ஒன்று: எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும், ஆட்கள் கதைக்கத் தொடங்குமுன் காருக்குள் போய் இருந்துவிடுவாள்.

எங்கள் ஆட்கள் உடம்பைப் பார்த்துத்தான் சுகம் விசாரிப்பார்கள். "என்ன பிள்ளை, இன்னும் உடம்பு வைச்சிட்டாய்? தங்கச்சியின்ரை பங்கையும் நீதான் சாப்பிடுறனியோ?" என்பார் ஒரு மாமி. அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். அன்று மத்தியானம் சாப்பிடமாட்டாள். பின்னேரம் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடுவாள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டளவில் அவளுக்கு வந்த சம்பந்தம் ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் அவளின் படத்தைப் பார்த்ததோடு நின்றுபோனது. உடனே அம்மா கடவுளுக்கு நேர்த்தி வைத்தார். அக்கா மெலிய வேண்டும். அதற்காக மலைக்கோயிலில், நேர்ந்தவர்கள் முழங்காலில் ஏறவென்றே இருக்கும் மரப்படிகளில் அவள் ஏறுவாள்.

"டொக்டர் அவளை முழங்கால் மடிக்கவே வேண்டாம் எண்டவர், அம்மா."

"டொக்டர் சொன்னதைக் கேட்டுத்தானே இப்பிடி இருக்கிறாள்? நேர்ந்தாச்சு. இனி மாத்தேலாது."

"அப்ப நான் ஏறுறன்."

"உனக்கென்ன குறை?"

அக்கா குறுக்கிட்டாள். "விடு, நானே ஏறுறன். இதுவும் சரிவராட்டி இனி ஒருத்தருக்கும் முன்னாலை போகமாட்டன்."

சில படிகள்தான் ஏறினாள். பிறகு முன்னே போகவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. அவளுக்குப் பின்னால் செபமாலையோடு வந்தவர்கள் முழங்காலில் காத்து நின்றார்கள். நானும் முன்பின் தெரியாத இரண்டு பேரும் அவளைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினோம். மிச்சப் படிகளில் அம்மா ஏறினார். அக்கா காருக்குள் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் அவள் பூசைக்கு வரவில்லை. ஞாயிறுதோறும் கதவைத் தட்டுவேன். "பேந்து பாப்பம்," என்று அடுத்த கிழமைக்குத் தள்ளிவிடுவாள்.

ஒருநாள் கோயில் வாசலில் அந்த மாமி கேட்டார்: "மூத்தவள் எங்கை? நேர்த்தி பலிச்சதோ? மெலிஞ்சிட்டாளோ?"

"ஓம், நல்லா மெலிஞ்சிட்டாள்," என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்ததும், சந்தோஷமான செய்தியைப் போல அதை அக்காவிடமே சொன்னார்.

"அப்ப இனி நான் வெளியிலை வரவே ஏலாது," என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம் இல்லை. கணக்கைச் சரிபார்த்து முடித்தவளைப் போலச் சொன்னாள். நானும் யோசித்துப் பார்த்தேன். அதில் பிழை எதுவும் இருக்கவில்லை.